பரிபூரணத்தக்காவின் படத்துக்கு விழுந்த மாலை

பரிபூரணத்தக்காவை நான் தினமும் இரண்டு இடத்தில் பார்ப்பேன். விடிந்ததும் எங்கள் தெருக் குழாயடியில். செட்டியார்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் அவர் வீடு. பிறகு பஸ் ஏறி ராஜபாளையம் போய், வேலை பார்க்கிற காப்பிக் கடைக்குள் நுழைந்தால் எதிர்ச் சுவரில். அங்கே இடுப்பில் கூடையும் தலையில் துண்டுமாக, யாரோ எதையோ சொல்லிவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டு நிற்பார். பாதி ஆள் உயரத்துக்குப் பெரிய படம். கண்ணாடி போட்டுக் கறுப்பு மரச் சட்டம் அடித்தது.

நேரில் அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. மற்றவர்களைச் சிரிக்க வைப்பார். தான் முகத்தை மாற்றாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆட்களோடு பேச எனக்கு வராது. அதனால் கடையில் பின்கட்டு வேலையே எனக்குப் பிடித்திருந்தது. கொரகொரப்பாக அரைத்த காப்பித் தூளைத் துணிப் பையில் கட்டி, பெரிய எவர்சில்வர் கேனில் பச்சைத் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். மறுநாள் வந்து வடிகட்டுவேன். அடுப்பே கிடையாது. கோல்டு ப்ரூ என்று பெயர். ஐஸ் போட்டு, கேட்பவர்களுக்குக் கருப்பட்டிப் பாகும் கொஞ்சம் ஊற்றிக் கொடுக்க வேண்டும். கேனைத் திறக்கும்போது வருகிற வாசம் சூடான காப்பி வாசம் மாதிரி மூக்கில் ஏறாது. மெதுவாக வந்து பக்கத்தில் உட்காரும்.

முதலாளி நவநீதகிருஷ்ணன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். சத்தம் போட்டுப் பேசாத மனிதர். தன் காப்பி ஃபேர் ட்ரேட் காப்பி என்று எல்லோரிடமும் விளக்குவார். விளைவிக்கிறவர்களுக்கும் பறிக்கிறவர்களுக்கும் சேர வேண்டியதைக் குறைக்காமல் கொடுத்து வாங்கியது என்று அர்த்தம். கடை திறந்த புதிதில் அதைத் தமிழில் 'நியாய விலைக் காப்பி' என்று போர்டில் எழுதி வைத்தார். ஒரு பெரியவர் ரேஷன் கார்டோடு வந்து நின்றார். மறுநாளே போர்டு மாறியது.

பக்கத்து ஜவுளிக் கடை ஜெய்னுலாப்தீன் பாய் முதல் வாரம் முழுக்க வாசலில் நின்று கேலி பண்ணினார். "என்னப்பா நவநீதம், ஆறிப்போன காப்பியை எங்க வீட்டுல கீழ ஊத்துவாக. நீ ஐஸ் போட்டு விக்கிறியே." பங்குனி வெயில் ஏறியதும் அவர்தான் மதியம் தவறாமல் முதல் கிளாஸ் வாங்கினார்.

சுவரில் இருந்தது பரிபூரணத்தக்காதான் என்று எனக்கு முதல் நாளே தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. முதலாளியிடமும் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் குழாயடியில் தண்ணீர் நூலாக விழுந்துகொண்டிருந்தது. நானும் அவரும் மட்டும் காத்திருந்தோம்.

"அக்கா, எங்க கடைச் சுவத்துல ஒங்க படம் மாட்டிருக்கு."

"எதுக்குட்டி? போலீசு தேடுதா?"

"இல்லக்கா. காப்பிக் கூடையோட நிக்கிய."

அவர் குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தினார். "அந்தப் படமா" என்றார்.

அக்காவின் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போனபோது மகள் பியூலா கைப்பிள்ளை. அதற்குப் பிறகு கார்த்திகை பிறந்தால் எங்கள் தெருவிலிருந்து பெண்கள் லாரியில் தாண்டிக்குடி மலைப் பக்கம் காப்பிப் பழம் பறிக்கப் போவார்கள். அக்காவும் பியூலாவைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டுப் போவார். மாசி வரைக்கும் அங்கே கூலியாட்களுக்கான லயத்தில் தங்கல். சிவந்த பழத்தை மட்டும் உருவ வேண்டும். காயைத் தொட்டால் திட்டு விழும். காலில் அட்டை ஏறும். அக்கா வேறு தோட்டங்களிலும் இருந்திருக்கிறார். எங்கள் கடைக் காப்பி வருகிற தோட்டத்தில் மட்டும் மழைக்கோட்டு கொடுத்தார்கள், மதியச் சோறு போட்டார்கள், கூலியில் பிடித்தம் கிடையாது. அங்கேதான் ஒரு தடவை கேமராவோடு நாலு பேர் வந்து, 'அக்கா, கொஞ்சம் சிரிங்க' என்றார்களாம். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் நின்றவள் வழுக்கிக் கூடையோடு உட்கார்ந்தாள். அதில் வந்த சிரிப்புதான் அது. அந்தப் படம்தான் காப்பிப் பாக்கெட்டிலும் வந்தது, பெரிதாகிக் கடைச் சுவருக்கும் வந்தது. கீழே நியாயமான கூலி பற்றி இங்கிலீஷில் ஒரு அட்டை. அக்காவின் பெயர் அதில் இல்லை.

அவர் கடைக்கு முதல்முதலாக வந்தது ஒரு மத்தியானம். ராஜபாளையத்தில் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். படத்துக்கு முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தச் சேலை கிழிஞ்சு, பியூலா அதைத் தலகாணி உறையாத் தச்சிட்டா" என்றார்.

முதலாளி வந்து விஷயம் தெரிந்ததும் கை கூப்பிவிட்டார். "அக்கா, நீங்களா? இத்தனை நாளா பக்கத்து ஊர்லயா இருக்கீங்க?" நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். எப்போது வந்தாலும் ஒரு கிளாஸ் குடிக்காமல் போகக் கூடாது என்றார். பெயரைத் தமிழில் எழுதிப் படத்தின் கீழே மாட்டுவதாகவும் சொன்னார். சொன்னவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். கடை வேலையில் அது தள்ளித் தள்ளிப் போனது.

நான் கிளாஸைக் கொண்டுபோய் வைத்தேன். அத்தனை வருஷம் பறித்தவர் அந்தத் தோட்டத்துக் காப்பியைக் குடித்ததே இல்லை. லயத்தில் கிடைத்தது வேறு எங்கிருந்தோ வந்த தூளில் போட்ட வரக்காப்பி. ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏட்டி செல்வி, பறிக்கையில பழத்தை வாயில போட்டு உறிஞ்சுவோம். தோல் தித்திப்பா இருக்கும். அந்த வாசம் இதுக்குள்ள கெடக்கு." பிறகு கடைசி ஐஸ்கட்டியை வாயில் போட்டுக் கடகடவென்று கடித்தார். "வெயிலுக்கு எம்புட்டு சொகமா இருக்கு."

அதிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் வந்தார். படத்துக்கு நேர் கீழே உட்காருவார். காலேஜ் பிள்ளைகள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். "அன்னிக்குச் சிரிச்சதுக்கு இப்பக் கூலி வாங்குதேன்" என்பார். கடைசி ஐஸ்கட்டி கடிபடுகிற சத்தம் எனக்குப் பின்கட்டு வரைக்கும் கேட்கும்.

அவர் எதற்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்பதைப் பெண்களுக்குள் மட்டும் பேசிக்கொண்டோம். கர்ப்பப்பையில் கட்டி. ஆடியிலிருந்தே உதிரம் நிற்காமல் போயிருக்கிறது. மகளிடம்கூடச் சொல்லாமல் மறைத்திருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்கேன் பார்த்து, ரத்தம் மிகவும் குறைந்திருக்கிறது, கட்டியும் வளர்கிறது, இனித் தள்ளக் கூடாது என்று சொல்லி, மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் வாங்கிக் கொடுத்தார்கள். சித்திரை பிறந்த அடுத்த திங்கள்கிழமை.

பியூலா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். "என் வயித்தைச் சுத்தப் போற துணி எம் மவ ஓட்டுன தறியில வந்ததாத்தான் இருக்கும்" என்று அக்கா குழாயடியில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்குள் பயம் இருந்தது. ஆனாலும் போவதென்று முடிவு பண்ணியிருந்தார். மிளகாய் வற்றல் காயப்போட்டார். பியூலாவுக்கு ஒரு மாதத்துக்குப் பொடி இடித்து வைத்தார்.

சித்திரை முதல் நாள் கடையில் பூஜை போட்டார்கள். முதலாளியின் அம்மா வந்திருந்தார். சுவரில் பிள்ளையாரும் ஆண்டாளும் பூ இல்லாமல் இருப்பதைப் பார்த்து மகனிடம் தெலுங்கில் கோபித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து பூ போட ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பூக்காரர் சமுத்திரத்திடம் சொல்லிவிட்டுப் போனார்.

சமுத்திரத்தை அந்த ரோட்டில் தெரியாத கடை இல்லை. முதல் பஸ்ஸில் பூக்கூடையோடு வந்து இறங்குவார். ஷட்டர் தூக்கியிருந்தால் யாரையும் கேட்காமல் உள்ளே போவார். சாமி படங்களுக்கு ஆளுக்கொரு சாண் சரம். அப்புறம் ஒவ்வொரு கடையிலும் ஒரு பெரிய படம் இருக்குமே, கடையை ஆரம்பித்தவரின் அப்பாவோ அம்மாவோ. அதற்குக் கண்ணாடியைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்து, சம்பங்கி மாலை. அந்த மாலைக்கு அவர் தனியாக எதுவும் கேட்பதில்லை. முதல் நாள் மரியாதை. புதிய கடையில் அன்றைக்கும் அப்படித்தான் செய்துவிட்டுப் போயிருக்கிறார். முதலாளி ஷட்டரைத் தூக்கிவிட்டுப் பின்பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தார். அட்டையில் இருந்ததோ இங்கிலீஷ். சமுத்திரத்துக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

அன்று அக்காவும் என்னோடு எங்கள் ஊர்ப் பஸ்ஸில் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கடைசியாக ஒரு ரத்தப் பரிசோதனை இருந்தது. "ஒரு கிளாஸ் குடிச்சிட்டுப் போவோம். பொறவு ஆஸ்பத்திரியில இதெல்லாம் யாரு தருவா" என்றார். இரண்டு பேரும் சேர்ந்துதான் உள்ளே நுழைந்தோம்.

காப்பி வாசத்துக்கு முன்னால் சம்பங்கி வாசம் வந்தது.

மாலை சட்டத்தின் இரண்டு பக்கமும் தொங்கியது. கூடை மறைந்துவிட்டது. முகம் மட்டும் நடுவில் சிரித்தது. நெற்றியில் ஈரம் காயாத சந்தனம்.

நான் அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவர்தான் முதலில் பேசினார். "கிறிஸ்தவச்சிக்குப் பொட்டு வச்சிருக்கான். நல்லாத்தான் இருக்கு."

முதலாளி வெளியே வந்தார். பார்த்தார். போனைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நாற்காலியில் ஏறி மாலையை இழுத்தார். நார் அறுந்து பூவெல்லாம் மேஜைமேல் கொட்டியது. மீதி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். குப்பையில் போடவும் முடியாது, சாமிக்குப் போடவும் முடியாது. "அக்கா, சாரிக்கா. யாரு பண்ணினான்னு தெரியலக்கா. ஐயோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"விடுங்க தம்பி. பூத்தானே" என்றார் அக்கா. வழக்கமான இடத்தில் உட்காரவில்லை. வாசல் பக்கத்து மேஜைக்குப் போனார்.

நான் கிளாஸ் கொண்டுவந்தேன். பாதி குடித்தார். மிச்சத்தில் ஐஸ் மெதுவாகக் கரைந்து, கறுப்பு வெளிறி, மேலே தண்ணீராக நின்றது. அவர் அதைக் கடிக்கவில்லை. "வாரேன் தம்பி" என்று எழுந்து போனார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிற்கிற பக்கம் அவர் நிற்கவில்லை. ரோட்டைக் கடந்து எதிர்ப் பக்கம் போய், எங்கள் ஊர்ப் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

ஆபரேஷனுக்குப் போக மாட்டேன் என்று அன்று மாலையே சொல்லிவிட்டார். கத்தவில்லை, அழவில்லை. "தலைக்கு மேல மாலை விழுந்துட்டு பியூலா. இனி மேஜையில போய்ப் படுக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றார். அவ்வளவுதான்.

தெருவில் ஆளுக்கு ஆள் சொல்லிப் பார்த்தார்கள். செத்துப்போனதாகத் தப்பாகச் செய்தி வந்தால் ஆயுசு கெட்டி என்பார்கள் இல்லையா, அதைச் சொன்னார் எதிர்வீட்டுப் பாலம்மாள். "ஒனக்கு நூறு வயசு, போ."

"அது வாய்ச்சொல்லு வந்தவுகளுக்கு. எனக்கு மாலையே வந்துட்டு. பொட்டும் வச்சு, கண்ணாடியும் தொடச்சு, எல்லா மொறையும் முடிச்சிட்டான்."

பாஸ்டர் ஐயா வந்து முழங்காலில் நின்று வெகுநேரம் ஜெபம் பண்ணினார். அக்காவும் கண்ணை மூடி ஆமென் சொன்னார். அவர் போன பிறகு, "வாய் ஆமென்னு சொல்லுது. வயித்துக்குக் கேக்க மாட்டேங்கே" என்றார்.

பியூலா என்னைப் பிடித்துக்கொண்டாள். "செல்வியக்கா, நீங்க சொன்னா கேப்பா. நீங்க கூட இருந்தீயல்லா. தப்புன்னு ஒங்களுக்குத் தெரியும்லா." எனக்குத் தெரியும்தான். பூக்காரர் தெரியாமல் போட்டது, அவ்வளவுதான். ஆனால் என் படத்துக்கு யாராவது அப்படிப் போட்டிருந்தால் நானும் மதுரை பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டேன். அதை வைத்துக்கொண்டு அவரிடம் நான் என்ன சொல்ல? போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் முறுக்கு கொடுத்தார். தின்றுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை முதலாளி காரில் வந்தார். பழக்கூடையும் கூடவே சமுத்திரமும். சமுத்திரம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசற்படிக்குக் கீழேயே நின்றார். கண் சிவந்திருந்தது.

"தாயி, மொதலாளியைப் பெத்தவுகன்னு நெனச்சிட்டேன். அம்புட்டு லெச்சணமா இருந்தீக. சத்தியமா வேற நெனப்பு இல்ல."

"வெயில்ல நிக்காதீய. உள்ள வாங்க" என்றார் அக்கா.

"ஒரு பரிகாரம் இருக்கு தாயி. படத்துக்குப் போட்ட கையாலயே ஆளுக்கும் ஒரு மாலை போட்டுட்டா தோசம் கழிஞ்சிரும். நல்ல கதம்பமாக் கட்டிக் கொண்டாந்திருக்கேன். கார்ல இருக்கு."

"இன்னொண்ணா? ஒண்ணே போதும்யா." அக்கா அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். "ஒங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. நீங்க மரியாதையாத்தான் செஞ்சிய."

முதலாளி தானே காரில் மதுரைக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னார். ஆபரேஷன் முடிகிற வரை கூடவே இருப்பதாகவும் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அவர்கள் போகும்போது பழத்தில் பாதியைச் சமுத்திரத்தின் துண்டிலேயே கட்டிக் கொடுத்தார். அக்கா கோபப்பட்டிருந்தால் எல்லோருக்கும் லேசாக இருந்திருக்கும். பிடித்து வாதாடவாவது ஒன்று கிடைத்திருக்கும்.

திங்கள்கிழமை விடியற்காலை பியூலா எப்படியோ அவரைக் கிளப்பிவிட்டாள். மாற்றுச் சேலை, தட்டு, டம்ளர், ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாம் பையில். ராஜபாளையம் வரை நானும் கூட வந்தேன். பஸ்ஸில் அக்கா ஒரே ஒன்றுதான் கேட்டார். மதுரை பஸ் ஏறுமுன் கடையில் போய் ஒருமுறை படத்தைப் பார்க்க வேண்டும். மாலை இல்லாமல், பொட்டு இல்லாமல், பழையபடி கூடையோடு நிற்பதைப் பார்த்துவிட்டால் போய்விடுவேன் என்றார். பியூலா என் கையை இறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமையே முதலாளி படத்தைக் கழற்றிவிட்டார். அது கண்ணில் பட்டால் அக்காவின் மனது வருத்தப்படும் என்று நினைத்துத்தான் கழற்றினார். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். பஸ் நின்றுவிட்டது. அவர் இறங்கி எங்களுக்கு முன்னால் நடந்தார், அந்த உடம்போடு, வேகமாக.

சுவரில் ஒரு ஆணி இருந்தது. படம் இருந்த இடம் மட்டும் வெயிலும் புழுதியும் படாமல் புதுச் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, சட்டத்தின் அளவுக்குச் சதுரமாகத் தெரிந்தது.

"எங்க தம்பி?"

"உள்ள வச்சிருக்கேன் அக்கா. பத்திரமா இருக்கு. இப்பவே மாட்டிடறேன், ஒரு நிமிஷம்." அவர் பின்கட்டுக்கு ஓடினார்.

"வேண்டாம் தம்பி, வேண்டாம். கெடக்கட்டும்" என்றார் அக்கா.

முதலாளி படத்தைத் தூக்கிக்கொண்டு கதவு வரை வந்துவிட்டார். அக்கா அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளி அப்படியே நின்றார். பிறகு மெல்ல உள்ளே கொண்டுபோனார்.

நான் இரண்டு கிளாஸ் கொண்டுவந்து வைத்தேன். வேறு என்ன செய்வது? அக்கா கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடிக்கவில்லை. வெளியே மதுரை பஸ் வந்து, ஹாரன் அடித்து, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அடுத்ததும் போனது. பக்கத்து மேஜையில் காலேஜ் பிள்ளைகள் யாருக்கோ பிறந்த நாள் பாட்டுப் பாடினார்கள். பியூலா மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"எம்மா, ஒனக்கு நான் வேண்டாமா?" என்று கேட்டாள். முகத்தைத் தூக்காமலேயே கேட்டாள்.

அக்கா அவள் தலையில் கை வைத்தார். "இன்னிக்கு வேண்டாம்ட்டி. மனசு ஒப்பாம மயக்க ஊசி போட்டா எந்திரிக்க மாட்டாகன்னு சொல்லுவாக. பொறவு ஒரு நாள் போவோம்."

பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊர்ப் பஸ்ஸில் திரும்பிப் போனார்கள்.

இப்போது வைகாசி. வெயில் இன்னும் குறையவில்லை. மதியத்துக்குள் ஒரு கேன் தீர்ந்துவிடுகிறது. மறுநாளைக்கு நான் இரண்டு கேன் ஊறப்போடுகிறேன். படம் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் சாக்குப் போர்த்தி நிற்கிறது. அதை மாட்ட ஆள் இல்லை. உயிரோடு இருப்பவர் படத்தைத் தூக்கிப் போடவும் யாருக்கும் கை வராது. வெள்ளைச் சதுரத்தை மறைக்க முதலாளி கடிகாரம் வாங்கிவந்தார். அது சின்னது. பாக்கெட்டிலும் அக்காவின் முகம் இருக்கிறதே, முன்பெல்லாம் மேல் ஓரத்தைக் கத்தரித்துத் தூளைக் கொட்டுவேன். கத்தரி நெற்றியோடு போகும். இப்போது அடிப்பக்கமாகப் பிரிக்கிறேன். காலிப் பாக்கெட்டுகள் அலமாரியில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

பியூலா தனியாக மதுரைக்குப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு ஆனி மாதத்தில் வேறு நாள் வாங்கி வந்திருக்கிறாள். அக்கா சரி என்கிறார். முன்பும் சரி என்றுதான் சொன்னார்.

நேற்று வடித்ததில் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. பாட்டிலைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். பிறகு குடித்தார், முழுதும்.

"செல்வி, படம் எங்கட்டி கெடக்கு?"

"பின்கட்டுலக்கா. ஃப்ரிட்ஜ் பக்கத்துல."

"வெயிலுக்கு நல்ல எடந்தான்" என்றார்.

சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்து எழுந்தார். குழாயில் தண்ணீர் வந்திருந்தது. குடத்தை எடுக்கக் குனிந்தபோது சேலையின் பின்பக்கம் உதிரக் கறை கண்ணில் பட்டது. தெரு முழுக்க ஆண்கள் வேலை முடிந்து வருகிற நேரம். குடத்தை வாங்கிக்கொண்டு, குழாயடி வரைக்கும் அவருக்குப் பின்னாலேயே, ஒட்டினாற்போல் நடந்து போனேன்.